நல்ல நேரத்தில் சேவ் செய்த படம்

"ராகு காலத்துலயாலே சேவ் பண்ணுவ? அறிவு இருக்கா உனக்கு?"

ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். கீழே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"சேவ்தான் பண்ணேன் அண்ணாச்சி. கல்யாணமா பண்ணி வெச்சேன்?" என்றான் பொன்னுராஜ்.

"கல்யாணத்துக்குத்தாம்லே சேவ் பண்ணுத! எம் மக போட்டோ மொதமொதலா கம்ப்யூட்டருக்குள்ள போகுது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல என்ன? சொல்லு பாப்போம்."

பொன்னுராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ராகு காலம் என்பது அவனைப் பொறுத்தவரை தினசரி காலண்டரின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் ஏதோ ஒன்று.

"வீட்டுல இருந்து கெளம்பும்போதே சொன்னேன்," என்றாள் ஆவுடையப்பன் மனைவி வேலுத்தாய். "இவிய செருப்பைத் தேடி எடுக்கதுக்குள்ள நேரம் போயிட்டு."

"ஏட்டி, இப்ப எஞ் செருப்பை எதுக்கு இழுக்க?"

"பெறகு எஞ் செருப்பா லேட்டு பண்ணுச்சு?"

இந்தக் களேபரத்துக்கெல்லாம் காரணமான செல்லக்கனி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கோ கல்யாணம் என்பதுபோல முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த அந்தக் கட்டடம் முழுக்க ஆவுடையப்பனுடையது. கீழே டீக்கடை. பின்னால் அவருடைய பேண்டேஜ் துணித் தறிகள். மாடியில் பொன்னுராஜின் கம்ப்யூட்டர் சென்டர். தறிகள் ஓடும்போது பொன்னுராஜ் நடத்தும் பாடம் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் இந்த இடத்தை விட்டால் அவனுக்கு வேறு கதி கிடையாது என்பது அவனைவிட ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கு ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்தவள். சுந்தரபாண்டியத்துத் தரகர் சோலைச்சாமி ஒரு ஜாதகம் கொண்டுவந்திருந்தார். சங்கரன்கோவில் குடும்பம், பையன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர். பொருத்தம் பார்த்ததில் ஜோசியரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாராம். அத்தனை பொருத்தம். பையன் ஆவணியில் லீவில் வருகிறான். அதற்குள் அவன் பெண்ணைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். தபாலில் போட்டோ போய்ச் சேர்வதற்குள் லீவே முடிந்துவிடும் என்பதால், கம்ப்யூட்டரில் அனுப்பச் சொல்லியிருந்தார் தரகர்.

"அவருக்கு இன்னும் ரெண்டு மூணு எடத்துலருந்து போட்டோ போயிருக்கு அண்ணாச்சி. நம்ம போட்டோ பளிச்சுனு இருக்கணும்" என்றும் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கடைசி வாக்கியம்தான் ஆவுடையப்பனைத் தூங்கவிடாமல் அடித்தது.

பொன்னுராஜிடம் அப்போதுதான் ஒரு ஸ்கேனர் வந்திருந்தது. படத்தை அதில் வைத்து உள்ளே ஏற்றுவான். அதை ஒரு பிளாப்பியில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவான். அங்கே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு இன்டர்நெட் சென்டர் இருந்தது. அங்கிருந்து அமெரிக்கா. இவ்வளவுதான் வேலை. வேறு யாராவது என்றால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பன்னிரண்டு மணி அடிக்கிறவரை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பப் பண்ணு," என்றார் ஆவுடையப்பன். "ராகு காலத்துல பண்ணது என்ன ஆச்சு?"

"அது அப்படியே இருக்கும் அண்ணாச்சி. அது பி.எம்.பி. அதுதான் ஒரிஜினல். பெருசு, பிளாப்பியில கொள்ளாது. அதை ஜேபெக்னு சின்னதாச் சுருக்கி சேவ் பண்ணுதேன்."

"சுருக்கிட்டு, அதை அழிச்சிரு."

"அண்ணாச்சி, அதுலதான் நல்ல குவாலிட்டி..."

"ராகு காலத்துல பொறந்ததுல என்னலே குவாலிட்டி?"

பொன்னுராஜ் கட்டடம் யாருடையது என்பதை நினைத்துக்கொண்டான். ஜேபெக்காகச் சுருக்கிவிட்டு, ஒரிஜினலை அழித்தான். திரையில் அது குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போய் விழுந்தது.

"அய்யய்யோ!" வேலுத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "எம் மகளைக் குப்பைத்தொட்டியிலயா போடுவ? வெளிய எடு!"

"வெளிய எடுத்தா ராகு காலம்க்கா."

"அப்ப தொட்டியோட தூர ஊத்து!"

ஊற்றினான். செல்லக்கனியின் நல்ல படம் இப்படியாக நல்லபடியாகத் தொலைந்தது.

சுருக்கிய படத்தை ஆவுடையப்பனுக்குத் திறந்து காட்டி, மறுபடி சேவ் செய்ய ஓகே தட்டிய அதே நொடியில் சுவரில் பல்லி சத்தம் போட்டது. வேலுத்தாய் திசை பார்த்தாள். "தென்மேற்கு. நல்லதுக்கில்ல. திரும்பப் பண்ணு தம்பி." திரும்பப் பண்ணினான். அப்போது கரண்ட் மினுக்கென்று ஒரு தரம் கண் சிமிட்டியது. "வெளக்கு அணைஞ்ச மாதிரி ஆயிட்டு. இன்னொருக்கா பண்ணிரு." இன்னொரு தரம் பண்ணினான். உள்ளே போய்விட்டதா என்று ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் தீராது. அதனால் ஒவ்வொரு முறையும் ஃபைலை மூடி, மறுபடி திறந்து, படத்தைக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு மறுபடி சேவ்.

ஒவ்வொரு தடவையும் 'தரம் எவ்வளவு?' என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். நடுவாந்திரமாக ஏதோ ஒரு எண் அதில் நிற்கும். பொன்னுராஜ் அதைப் படித்ததே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டை யார் படிக்கிறார்கள்? ஓகே தட்டுவான், போய்க்கொண்டே இருப்பான். அடிக்கடி சேவ் செய்யுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் அல்லவா, நாம் நல்லதுதான் செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே பஸ் ஏறியிருந்தால் தப்பித்திருப்பான். மறுநாள் காலை ஆலங்குளத்திலிருந்து ஆவுடையப்பனின் அக்கா சுடலையம்மாள் வந்து இறங்கினாள். அவள் புருஷனுக்கு சிமெண்ட் ஃபாக்டரியில் வேலை. அவளுக்கு மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் வேலை.

"நான் பாக்காமலா அனுப்புவிய? அத்தைக்காரி ஒருத்தி இருக்கேன்ல?" என்று மாடி ஏறியவள், மானிட்டரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நெறம் பத்தாது. ஏப்பா தம்பி, செத்த வெளிச்சத்தைக் கூட்டு."

"எம் மகளுக்கு என்ன நெறம் கொறச்சலு மதினி?" வேலுத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள்.

"கொறச்சல்னு சொன்னேனா? கூட்டுன்னுதான் சொன்னேன்."

கூட்டினான். சேவ் பண்ணினான். சுடலையம்மாள் தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரம் பார்த்து, "தம்பி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு, கொறச்சிரு" என்றாள் வேலுத்தாய். குறைத்தான். சேவ் பண்ணினான். சுடலையம்மாள் மேலே வந்து திரையைப் பார்த்தாள், வேலுத்தாயைப் பார்த்தாள், "எதுக்கு இப்படிக் கருத்துட்டு?" என்றாள். மறுபடி கூட்டினான். இரண்டு பேரும் மாறி மாறித் தண்ணீர் குடித்ததில் டீக்கடைப் பானை காலியானது என்று கடைக்காரர் பிற்பாடு சொன்னார். பொன்னுராஜ் எத்தனை முறை சேவ் செய்தான் என்பது கடவுளுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும்தான் தெரியும்.

அப்புறம் ஆவுடையப்பன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"ஏலே, எம் மக எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா?"

"எந்தப் பக்கம்னா? போட்டோவுல லேசா வலது பக்கம் திரும்பி..."

"அந்தப் பக்கம் தெற்கு! தெற்க பாத்து உக்கார வெச்சுக் கல்யாணத்துக்கு அனுப்புதியே. திருப்பு அவளை."

மானிட்டரைத் திருப்பி வைத்தால் போதும் என்று பொன்னுராஜுக்குத் தோன்றவில்லை. படத்தையே இடவலமாக மாற்றினான். பெண் வடக்கே பார்த்தாள். சேவ் பண்ணினான். வேலுத்தாய் வீல் என்று கத்தினாள்.

"முந்தானை எந்தத் தோள்ல கெடக்கு பாரு! வலது தோள்லயா போடுவா எம் மக? மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாவ, சேலை கட்டக்கூடத் தெரியாதுன்னா?"

திரும்ப மாற்றினான். ஆவுடையப்பன் கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு, "எமகண்டம் வரப்போகுது, சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவனைப் போல விரட்டினார். பொன்னுராஜ் பண்ணினான்.

மூடித் திறந்து காட்டினான். எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"கன்னத்துல என்ன அது, கட்டம் கட்டமா?" என்றாள் சுடலையம்மாள் முதலில்.

"மூக்குலயும் இருக்கு," என்றாள் வேலுத்தாய்.

"மூக்கு எங்க இருக்கு?"

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். தொழில்காரர் அல்லவா, சரியாகச் சொன்னார்: "நம்ம பேண்டேஜ் துணியை எடுத்து மொகத்துல சுத்துன மாதிரி இருக்குலே."

பொன்னுராஜ் சிரித்தான். "ஒண்ணும் பிரச்சனை இல்ல அண்ணாச்சி. அந்தப் போட்டோவைக் குடுங்க, திரும்ப ஸ்கேன் பண்ணிட்டாப் போச்சு."

வேலுத்தாய் நாத்தனாரைப் பார்த்தாள். சுடலையம்மாள் காலண்டரைப் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், நேற்று ஸ்கேன் முடிந்ததும் போட்டோ வீட்டுக்குப் போயிருந்தது. காலையில் ஊரிலிருந்து வந்த அத்தைக்காரி, காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தாள். வெறுமே வைப்பாளா? சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேலே நாலு பூவும் போட்டாள். இப்போது தாம்பாளத்தைக் கவிழ்த்தாலும் போட்டோ விழாது.

"நெகட்டிவ் இருக்கும்லா? ஸ்டுடியோவுல குடுத்திருப்பாவளே?"

"அந்தக் கருப்பு ஃபிலிமா?" ஆவுடையப்பன் முகத்தைச் சுளித்தார். "எம் மக மொகம் கருப்பு, பல்லு கருப்பு, தலைமுடி வெள்ளை. பேய் மாதிரி இருந்துச்சு. கல்யாண வீட்டுல அதை வெப்பானா எவனாவது? அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்."

"அப்ப தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயி இன்னொரு போட்டோ எடுத்திருங்க. பக்கத்துலதான ஸ்டுடியோ."

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆடி பொறந்துட்டுல்லா!"

அன்றைக்குத்தான் ஆடி பிறந்திருந்தது. ஆடியில் கல்யாணத்துக்கென்று புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

"ஆடியில அனுப்ப மட்டும் செய்யலாமா அண்ணாச்சி?"

"எடுத்தது ஆனியில. அனுப்புதது அதோட தொடர்ச்சிதானே. அதுல தப்பில்ல." ஆவுடையப்பனிடம் இதற்கெல்லாம் வக்கீலே தோற்றுப்போவார்.

பொன்னுராஜ் ஓடிப்போய் எஸ்.டி.டி பூத்தில் நின்று மதுரைக்கு போன் போட்டான். அங்கே அவனோடு கோர்ஸ் படித்த தனுஷ்கோடி ஒரு பெரிய அச்சகத்தில் இருந்தான்.

"எத்தனை தடவைலே சேவ் பண்ண?" என்று கேட்டான் தனுஷ்கோடி.

"எண்ணல."

"ஒவ்வொரு தடவையும் மூடித் தொறந்தா?"

"ஆமா. பஞ்சாங்கம் பார்த்து."

மதுரையில் தனுஷ்கோடி தலையில் அடித்துக்கொண்டது போனில் கேட்டது.

"ஏலே, ஜேபெக்னா என்னன்னு நெனச்ச? சேவ் பண்ணும்போதெல்லாம் கொஞ்சத்தை உரிச்சு எறிஞ்சிரும். அதனாலதான் அது சின்னதா இருக்கு. வெட்டுறது ஒட்டுறது எல்லாத்தையும் ஒரிஜினல்ல வெச்சுப் பார்த்துட்டு, கடைசியா ஒரே ஒரு தடவைதான் ஜேபெக் ஆக்கணும். அதுவும் தரத்தை உச்சத்துல வெச்சு. போனாப் போகுது, ஒரிஜினல் இருக்குல்லா?"

"அது ராகு காலத்துல பொறந்தது."

"என்னது?"

"இல்லங்கேன். அழிச்சாச்சு. வேற வழி சொல்லு."

"இதுக்கு மேலயாவது கெடாம இருக்கணும்னா திரும்ப பி.எம்.பி ஆக்கி வெச்சுக்கோ. அதுல ஒரு புள்ளிகூடச் சேதாரம் ஆகாது."

பொன்னுராஜ் வந்து அப்படியே செய்தான். தனுஷ்கோடி சொன்னது சத்தியம். ஒரு புள்ளிகூடச் சேதாரம் ஆகவில்லை. கன்னத்துக் கட்டங்கள் அத்தனையும், கரைகூடக் கலையாமல், பத்திரமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் இப்போது ஃபைல் பழையபடி வீங்கி, பிளாப்பியில் கொள்ளாமல் போனது. மறுபடி ஜேபெக் ஆக்கினான். மூக்கு இருந்த இடத்தில் மிச்சமிருந்த நிழலும் போனது.

"சேவ்னா காப்பாத்துததுதானே? காப்பாத்துனா எப்படிலே கெட்டுப் போகும்?" ஆவுடையப்பனுக்கு இது விளங்கவே இல்லை.

பொன்னுராஜ் யோசித்து அவருடைய பாஷையிலேயே சொன்னான். "அண்ணாச்சி, பேண்டேஜ் துணியை வெளுக்க விடுதிய. வெளுத்ததையே திரும்பத் திரும்ப வெளுக்க விட்டா என்ன ஆகும்?"

"இத்துப் போயி நூலு நூலா வந்துரும்."

"அதேதான் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் அதை உள்ளே வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆனது. வாங்கியதும் எழுந்து நின்றார்.

"அப்ப எம் மகளைப் போட்டு வெளுத்துட்டியேலே!"

கீழே தறிகள் நின்றுபோன மாதிரி இருந்தது பொன்னுராஜுக்கு.

"கேட்டுக்கோ. ஒண்ணு இந்தப் போட்டோ அமெரிக்கா போகணும், மாப்பிள்ளை சரின்னு சொல்லணும். இல்ல, நீ போகணும். மாடியில நூல் மூட்டை அடுக்க எனக்கும் எடம் வேண்டியிருக்கு."

வேலுத்தாய் கண்ணைத் துடைத்தாள். சுடலையம்மாள், "நான் அப்பவே தபால்ல அனுப்பலாம்னு நெனச்சேன்" என்று, யாரிடமும் சொல்லாத ஒன்றை ஞாபகப்படுத்தினாள். செல்லக்கனி மட்டும் முறுக்குக் கையோடு வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இதையே அனுப்புங்கண்ணே. ஒண்ணும் ஆகாது."

"உனக்கென்னம்மா, சொல்லிட்ட. எம் பொழப்பு இந்த பிளாப்பியில இருக்கு," என்றான் பொன்னுராஜ்.

வேறு வழியும் இல்லை. திங்கட்கிழமை ராகு காலம் கழிந்து, எமகண்டம் வருவதற்குள், பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றபடியே போனான்.

இன்டர்நெட் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது கிருபாபாய் என்ற பெண். அதிகம் பேசாதவள் என்று பெயர். அவள் படத்தைத் திறந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்ன, டி.வி.யில செய்தி முடிஞ்சதும் காட்டுவாவளே, மேகப் படமா?"

"பொண்ணு போட்டோங்க."

"தலை எந்தப் பக்கம்?"

பொன்னுராஜ் தலை எந்தப் பக்கம் என்று காட்டினான். முகவரி எழுதிய துண்டுச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள், துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னுராஜுக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. லைன் ரெண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவை படம் போனது.

அதற்கப்புறம் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாடம் நடத்தும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டால் நூல் மூட்டைதான் வருகிறது என்று நினைத்துக்கொள்வான். காலி இடம் ஏதும் உண்டா என்று காந்தி சிலைப் பக்கமெல்லாம் ரகசியமாக விசாரித்து வைத்தான். ரகசியமாகத்தான் விசாரித்தான், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் ஆகியிருக்காது. படிக்கட்டில் நிஜமாகவே தடதடவென்று சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் வந்தார். பொன்னுராஜ் மேஜை டிராயரைக் காலி செய்யவே ஆரம்பித்துவிட்டான். அவன் வாயில் ஒரு முழுப் பால்கோவாத் துண்டு வந்து விழுந்தது.

"மாப்பிள்ளை சரின்னுட்டாருலே! போட்டோவைப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சாம். வேற எந்தப் போட்டோவையும் பாக்கவே மாட்டேன்னுட்டாராம். தரகர் இப்பத்தான் போன் போட்டாரு."

"எந்தப் போட்டோ அண்ணாச்சி?" பால்கோவாவோடு கேட்டான் பொன்னுராஜ்.

"நம்ம போட்டோதாம்லே! நீ என்னமோ உரிஞ்சு போச்சு, வெளுத்துப் போச்சுன்ன. பாத்தியா, நல்ல நேரத்துல சேவ் பண்ணதுக்கு உள்ள பலனை!"

அது அன்றோடு நிற்கவில்லை. ஆவுடையப்பன் தறிச் சங்கத்தில் சொன்னார். வேலுத்தாய் கோயிலில் சொன்னாள். சுடலையம்மாள் ஆலங்குளம் சிமெண்ட் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி, வெளிச்சம் கூட்டியது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாம் போட்டோவும் ஜாதகமுமாக மாடி ஏறத் தொடங்கினார்கள். பொன்னுராஜ் சுவரில் ஒரு பெரிய பஞ்சாங்கக் காலண்டர் மாட்டினான். 'இங்கே சுப முகூர்த்தத்தில் போட்டோ சேவ் செய்து தரப்படும்' என்று போர்டும் எழுதி வைத்தான். இது சர்ச் பாஸ்டர் காதுக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க அவனைப் பார்த்தபடியே நடந்தது.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் யாரையும் கெடுக்கவில்லை. ஒரிஜினலைத் தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு, தரத்தை உச்சத்தில் ஏற்றி, வந்தவர்கள் சொன்ன நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் நிஜமாக சேவ் செய்தான். மற்ற தடவையெல்லாம் கீபோர்டில் ஏதாவது ஒரு பட்டனைச் சத்தமாகத் தட்டுவான். அவர்களுக்கும் திருப்தி, படத்துக்கும் சேதமில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் பயம் போகவில்லை. மாப்பிள்ளை நேரில் வந்து பெண்ணைப் பார்க்கும்போது, 'நான் சம்மதிச்சது வேற பொண்ணு' என்று சொல்லிவிட்டால்? ஆவணியில் கல்யாண மண்டபத்தில் அவன் பந்தி வாசல் பக்கமாகவே நின்றான். அங்கிருந்து ரோட்டுக்கு நேர் வழி. செல்லக்கனியை மணவறைக்கு அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மேளம் கொட்டியது. பொன்னுராஜ் அதற்கப்புறம்தான் பந்திக்குப் போய், மூன்று தடவை பாயசம் வாங்கினான்.

செல்லக்கனி புருஷனோடு அமெரிக்கா போய்விட்டாள். வேலுத்தாயும் ஆவுடையப்பனும் ஒரு தடவை போய் வந்தார்கள். அங்கே ராகு காலம் எந்த ஊர் மணிக்கு என்று தெரியாமல் தவித்துப் போய்ச் சீக்கிரமே திரும்பினார்கள். சுடலையம்மாள் மகளையும் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள், அந்தப் போட்டோவும் பொன்னுராஜ் கடைச் சரக்குதான். நூல் மூட்டை பற்றி ஆவுடையப்பன் அதற்கப்புறம் பேசவே இல்லை.

பொன்னுராஜோ, ஊரார் போட்டோவையெல்லாம் அனுப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓயாமல் போய் வந்ததில், போட்டோ இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தான். தலை எந்தப் பக்கம் என்று கேட்ட கிருபாபாயை அடுத்த வருஷம் அங்கே சர்ச்சில் வைத்துக் கட்டினான். முன்வரிசையில் வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன், எமகண்டம் வருது, பாட்டைக் குறையுங்க என்று பாஸ்டருக்கு இரண்டு தடவை சைகை காட்டினாராம். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபம் பண்ணினார்.

ராஜபாளையத்துக்கே குடி வந்துவிட்டாள் கிருபாபாய். ஒருநாள் ஆவுடையப்பன் அவர்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, பேரன் பிறந்த செய்தி சொல்லி, நல்ல நேரத்தில் சேவ் செய்த கதையை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார். பொன்னுராஜ் வாசல் வரை போய் விட்டுவிட்டு வந்து பெஞ்சில் சாய்ந்தான்.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலட்டி. தலை எது, சேலை எதுன்னு தெரியாத அந்தப் படத்தைப் பார்த்து, அமெரிக்காவுல இருக்க மனுசன் எப்படித்தான் சரின்னு சொன்னாரோ? நெசமாவே நேரத்துல ஏதோ இருக்குமோ?"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிருபாபாய் நிமிராமலே சொன்னாள்:

"செல்லக்கனி அக்காதான் அதுக்கு ஒரு வருசம் முன்னாடிருந்தே எங்க சென்டருக்கு வந்து வாராவாரம் அவருக்கு மெயில் போட்டுக்கிட்டு இருந்தாவளே! அண்ணாச்சிகிட்ட தரகரை அனுப்பி வெச்சதே அவருதான். அக்கா போட்டோ நல்ல தெளிவா அஞ்சாறு நானே ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கேன். நீங்க அனுப்புன அன்னைக்கு அவரு அக்காவுக்கு எழுதுன பதிலை பிரிண்ட் எடுத்ததும் நான்தான்: 'உங்கப்பா யாரோ மொகத்துல கட்டுப் போட்ட பொம்பளை படத்தை அனுப்பியிருக்காரு, சரின்னு சொல்லிரட்டுமா?'"